கோலாக் கொட்டையின் சேர்மங்களையும் நொதிகளையும் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெள்ளைக் கோலாக் கொட்டை ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் வெட்டுப்பரப்பு முதலில் பாலாடை நிறத்தில் இருக்கும். சில நிமிடங்களில் ஓரங்களில் மஞ்சள் ஏறும், பிறகு ஆரஞ்சு, அதன்பின் துருவின் நிறம். அதற்குள் கொட்டையின் வேதியியலே மாறிவிடுகிறது. வெட்டும்போது இருந்த கேட்டசின்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்களில் ஒரு பங்கு இப்போது இல்லை. வெட்டும்போது இல்லாத பழுப்புப் பொருள்கள் அந்த இடத்தில் உருவாகியிருக்கின்றன.

கோலாக் கொட்டையில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன என்று சொல்லும் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அளந்தது பச்சைக் கொட்டையா, உலர்ந்ததா, பொடியா, வெட்டிய பிறகு எவ்வளவு நேரம் கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பட்டியலின் பாலிஃபீனால் (கேட்டசின்கள் அடங்கிய சேர்மக் குடும்பம்) எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு, அதாவது வேதிவினையை விரைவாக்கும் புரதத்துக்கு, நாம் எவ்வளவு நேரம் விட்டுக்கொடுத்தோம் என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. சேர்மங்களை ஒருவரும் நொதியை இன்னொருவரும் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தால் இந்தக் கொட்டை பிடிபடாது. ஆகவே ஒரே கொட்டையை இரண்டாகப் பகுத்து இரண்டையும் சேர்த்து அளக்கும் முறையை இங்கே சொல்கிறேன்.

உயிர்வேதியியல், தாவரவியல், உணவு அறிவியல் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு நிறமாலை ஒளிமானியும் குளிர்பதன வசதியுள்ள மையவிலக்கியும் இருந்தால் பெரும்பாலான படிகளைச் செய்துவிடலாம்.

முதலில், எது கோலா?

கோலா என்பது மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளின் மரம். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, கோக்கோ ஆகியவை அடங்கிய மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது. வணிகத்தில் உள்ளவை இரண்டு இனங்கள். கோலா நிட்டிடாவின் விதையில் இரண்டு வித்திலைகள் இருக்கும். கோலா அக்யூமினாட்டாவில் மூன்று முதல் ஆறு வரை இருக்கும். கொட்டையைக் கையில் வாங்கியதும் இதை எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யொரூபா மக்கள் முதலாவதை ஓபி கபஞ்சா என்றும் இரண்டாவதை ஓபி அபாத்தா என்றும் அழைக்கிறார்கள். ஹவுசா மொழியில் கோலாவுக்கு கோரோ என்று பெயர், இக்போ மொழியில் ஓஜி. இக்போ மக்கள் விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது ஓஜிதான். நம் வெற்றிலைத் தாம்பாளத்துக்கு இருக்கும் இடம் அங்கே அதற்கு. அவர்களின் சடங்குக்கு உரியது பல வித்திலைகள் கொண்ட அக்யூமினாட்டா. நான்கு பிளவுள்ள கொட்டையை ஏகே, ஓரியே, ஆஃபோ, இன்க்வோ என்ற நான்கு சந்தை நாள்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

கசப்புக் கோலா என்று விற்கப்படும் கார்சினியா கோலா வேறு குடும்பத்தைச் சேர்ந்த மரம், நம் குடம்புளிக்கு உறவு. அதில் பேசத்தக்க அளவில் காஃபீன் கிடையாது. கோலாவிரோன் எனப்படும் இரட்டை ஃபிளேவனாய்டுக் கலவைதான் அதன் அடையாளம். இலங்கைக் கடைகளில் கொட்டுகொல என்று கிடைப்பது வல்லாரை. அதற்கும் கோலாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இணையத்தில் பொடி வாங்குபவர்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கொட்டைக்குள் யார் எங்கே இருக்கிறார்கள்?

பச்சைக் கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் நீர். உலர்ந்த பகுதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. காஃபீன் உலர் எடையில் ஏறக்குறைய 1.5 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும், காஃபீனின் உறவுச் சேர்மமான தியோபுரோமின் அதைவிட மிகக் குறைவு. கேட்டசின், எப்பிகேட்டசின், அவை ஒன்றோடொன்று கோத்து உண்டாகும் புரோசயனிடின்கள் ஆகியவையே மென்றதும் நாக்கைச் சுருங்கவைப்பவை. சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளில் ஆந்தோசயனின்களும் சேரும். வெள்ளை வகையில் இந்த நிறமி மறைப்பு இல்லாததால் நிறமாற்றத்தைக் கண்ணால் தொடர்வது எளிது. முதன்முறை செய்பவர்கள் வெள்ளையையே தேர்ந்தெடுங்கள். சந்தையிலும் அதற்குத்தான் கூடுதல் மதிப்பு.

இனி நொதிகள். கேட்டசின்கள் செல்லின் நுண்குமிழிக்குள் அடைபட்டிருக்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி கணிகங்களில் தங்கியிருக்கிறது. முழுக் கொட்டையில் இரண்டும் சந்திப்பதில்லை. கத்தியோ பல்லோ வண்டோ செல்லை உடைத்ததும் இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. நொதியின் வினைமையத்தில் உள்ள இரண்டு தாமிர அணுக்கள் அந்த ஆக்சிஜனைப் பிடித்து, கேட்டசினை ஆர்த்தோ குவினோனாக மாற்றுகின்றன. நொதியின் வேலை அத்துடன் முடிந்தது. குவினோன் மிகுந்த வினைத்திறன் உடையது. பக்கத்தில் உள்ள ஃபீனால், புரதம் என எதனோடும் ஒட்டிப் பெருத்துப் பழுப்பாகிறது. பழைய மருந்தியல் நூல்கள் 'கோலாச் சிவப்பு' என்று குறிப்பிட்டது இந்தப் பொருளைத்தான்.

பெராக்சிடேஸ் இரண்டாவது நொதி. அதன் மையத்தில் இரும்பு கொண்ட ஹீம் இருக்கிறது. வேலை செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். மூன்றாவது அமைலேஸ், மாவுச்சத்தை உடைப்பது. கொட்டை முளைக்கத் தொடங்கும்போது இதன் பங்கு பெரிது. சேர்மங்களோடு நேரடியாக மோதுபவை முதல் இரண்டு என்பதால் இந்த வழிகாட்டி அவற்றிலேயே நிற்கிறது.

நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் தேயிலைக் கொழுந்தைச் சுருட்டிக் கறுப்புத் தேயிலையாக்குவதும் இதே வினைதான். அதே கேட்டசின் குடும்பம், அதே நொதி. தேயிலைத் தொழிற்சாலையில் அதை வரவேற்கிறார்கள், கோலா வணிகர் அதைத் தவிர்க்கப் பாடுபடுகிறார். தேயிலை பற்றிய நொதி ஆய்வுகளைப் படித்துவிட்டு வருபவருக்குக் கோலா பாதி புரிந்துவிடும்.

படி 1: கொட்டையைப் பெறுதல்

பச்சைக் கொட்டையின் சொந்த இடம் நைஜீரியா, கானா, கோட் டிவோர் நாடுகளின் சந்தைகள். ஐரோப்பாவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது எட்டாத பொருள் அல்ல. பாரிஸில் லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஷாத்தோ ரூஜ் பகுதியின் ஆப்பிரிக்கக் கடைகளில் விசாரியுங்கள். லண்டனிலும் ஆப்பிரிக்கக் கடைகள் உள்ள பகுதிகளில் கேட்டுப் பாருங்கள். இந்தியாவுக்குப் பச்சை விதையைத் தருவிப்பதானால் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் பொருள் அல்ல இது. அனுமதி கிடைக்கும்வரை பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோக்கோவின் பச்சை விதையை வைத்து எல்லாப் படிகளையும் பழகலாம். ஒரே குடும்பம், அதிலும் கேட்டசின்கள், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் உண்டு. காஃபீனைவிடத் தியோபுரோமின் மிகுதி என்பதே பெரிய வேறுபாடு.

நம் ஊரில் 'கோலாப் பொடி' என்று கிடைப்பது காஃபீன் அளவிட மட்டும் உதவும். உலர்த்தும்போதே கேட்டசின்களில் ஒரு பங்கு மாறிப்போயிருக்கும், நொதியும் நலிந்திருக்கும். அதில் நொதி தேடி ஒரு பருவத்தை வீணாக்க வேண்டாம்.

வாங்கும்போது தோலில் துளை உள்ள கொட்டையை ஒதுக்குங்கள். கோலா வண்டின் புழு உள்ளே குடைந்திருந்தால் அந்த இடத்தில் வினை ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும். விற்பவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: பறித்து எத்தனை நாளாகிறது? பறித்த நெற்றைப் பிளந்து, விதை மேலுள்ள வெண்ணிறச் சதையுறையை ஊறவைத்தோ குவித்துவைத்தோ நீக்கி, கழுவி, சில நாள் கூடையில் வியர்க்கவிட்டு, பிறகு பச்சை இலைகளுக்குள் பொதிந்து வைப்பது அங்கே பரம்பரை வழக்கம். இந்தப் பக்குவத்தில் எந்தக் கட்டத்தில் கொட்டை உங்கள் கைக்கு வந்தது என்பது நோட்டுப்புத்தகத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

படி 2: வெட்டாமல் பிரித்துப் பார்த்தல்

இது கருவி எதுவும் வேண்டாத சோதனை. செய்யாமல் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு வெள்ளைக் கொட்டையை வித்திலைகளின் இயற்கையான இணைப்புக் கோட்டில் விரலால் பிளந்துகொள்ளுங்கள். இன்னொன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். மூன்றாவதன் ஒரு துண்டைத் துருவுங்கள். மூன்றையும் வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். துருவல் முந்தும், வெட்டுப்பரப்பு அடுத்து வரும். விரலால் பிளந்த பரப்பில் உடைந்த செல்கள் குறைவு என்பதால் அது நெடுநேரம் வெளிறியே இருக்கும். நொதியும் தளப்பொருளும் (நொதி மாற்றும் பொருள், இங்கே கேட்டசின்) வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன என்று முன்பு சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எந்தக் கருவியும் தரப்போவதில்லை.

அதே துருவலில் நான்கு சிறு குவியல்கள் செய்து ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் கொதிநீர், ஒன்றில் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். நான்காவதை அப்படியே விடுங்கள். எலுமிச்சை வினையைத் தள்ளிப்போடும். கொதிநீர் நொதியைக் கொல்லும், ஆனால் ஊற்றுவதற்குமுன் ஏறிய நிறம் போகாது. துருவி எத்தனை நொடியில் கொதிநீரை ஊற்றினீர்கள் என்பதைப் பொறுத்து அந்தக் குவியலின் நிறமே மாறுவதைப் பார்ப்பீர்கள். அடுத்த படிக்கான காரணம் அங்கே தெரிந்துவிடும்.

படி 3: நொதியை நிறுத்துதல்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படி. இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நூறாண்டுக்கு முன்பே பிரெஞ்சு மருந்தியலாளர்கள் கோலாவை வைத்தே கண்டுகொண்டார்கள். 1880களின் தொடக்கத்தில் எடுவார் ஹெக்கெலும் ஷ்லாக்டன்ஹாஃபனும் கோலாவின் வேதிப்பகுப்பைச் செய்தார்கள். பிறகு வந்தவர்களுக்குப் பச்சைக் கொட்டையும் உலர்ந்த கொட்டையும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாதது பெரிய புதிராக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எமில் பெரோவும் ஆல்பெர் கோரியும் பச்சைக் கோலாவை மூடிய கலனில் அழுத்தத்தின் கீழ்ச் சூடான ஆல்கஹால் ஆவியில் வைத்து, நொதிகளை முதலில் அழித்துவிட்டு அப்புறம் உலர்த்தினார்கள். அப்படி நிலைநிறுத்திய கொட்டையிலிருந்து கோரி 'கோலட்டின்' என்ற படிகப் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்றைய பெயரில் அது கேட்டசின் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைக் கொட்டையில் காஃபீன் அதனோடு இளகிய பிணைப்பில் இருப்பதையும் அப்போது உணர்ந்தார்கள்.

நம் ஆய்வகத்தில் அதன் எளிய வடிவம் இது. 80 சதவீத எத்தனாலை நீர்த்தொட்டியில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவாருங்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த தீச்சுடர் அறையிலேயே இருக்கக் கூடாது. புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள். கொட்டையைக் கொதிக்கும் எத்தனாலுக்கு நேர் மேலே பிடித்து, 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் சீவி, சீவல் நேராக உள்ளே விழும்படி செய்யுங்கள். 10 நிமிடம் அப்படியே கொதிக்கட்டும். தடித்த துண்டானால் மையம் சூடாவதற்குள் நொதி தன் வேலையை முடித்துவிடும்.

திரவ நைட்ரஜன் வசதி இருந்தால் இன்னும் நல்லது. உறைந்த கொட்டையை உறைந்த நிலையிலேயே பொடித்து, உருகவிடாமல் கரைப்பானில் சேர்க்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் போட்டுவைத்து மறுநாள் வெளியே எடுத்து உருகவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது கொட்டை முழுவதும் உள்ளேயிருந்தே பழுப்பேறிவிடும்.

படி 4: ஒரே கொட்டை, இரண்டு பங்கு

நிட்டிடாவின் முழுக் கொட்டையை வித்திலைக் கோட்டில் பிளந்தால் இரண்டு பாதிகள் கிடைக்கும். ஒரு பாதி படி 3இல் சொன்னபடி சேர்மங்களுக்கு. மறு பாதி நொதிக்கு. மூன்றாவதாக ஒரு சிறு துண்டை எடைபோட்டு 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி நீரளவைக் கண்டுபிடியுங்கள். எல்லா முடிவுகளையும் உலர் எடைக்கு மாற்றி எழுத இது வேண்டும். பறித்த மறுநாள் வந்த கொட்டையையும் மாதக்கணக்கில் இலையில் கிடந்த கொட்டையையும் ஈர எடையில் ஒப்பிடுவது நியாயமாகாது.

நொதிப் பாதிக்கு அசிட்டோன் பொடி முறையைப் பரிந்துரைக்கிறேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியில் குளிர்வித்த அசிட்டோனில் துண்டுகளை அரைத்து, வடிகட்டி, வடிநீர் நிறமற்றுப் போகும்வரை குளிர்ந்த அசிட்டோனாலேயே கழுவுங்கள். ஃபீனால்கள் அசிட்டோனோடு போய்விடும், நொதி பொடியில் தங்கும். பொடி வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். சிவந்திருந்தால் அசிட்டோன் போதுமான அளவு குளிர்ந்திருக்கவில்லை என்று பொருள். நேரடியாகத் தாங்கல் கரைசலில் (பி.எச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசல்) அரைக்கும் முறையைப் பல செய்முறைக் கையேடுகள் சொல்கின்றன. கத்தரிக்காய்க்கு அது சரி. இவ்வளவு டானின் (புரதத்தோடு ஒட்டும் துவர்ப்பு ஃபீனால்கள்) நிறைந்த கோலாவில் குவினோன்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அளக்கப் போகும் நொதியையே வீழ்படிவாக்கிவிடும்.

பொடியில் 1 கிராம் எடுத்து, பி.எச் 6.8 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசல் 20 மில்லிலிட்டரில், 0.5 கிராம் பாலிவினைல்பாலிபைரோலிடோனும் சேர்த்து, பனிக்கட்டி மேல் 30 நிமிடம் கலக்குங்கள். மிச்சமிருக்கும் ஃபீனாலை இந்தப் பாலிமர் பிடித்துக்கொள்ளும். நொதியின் ஒரு பகுதி சவ்வுகளில் ஒட்டியிருக்கும் என்பதால் சவ்வைக் கரைக்கும் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளை 0.5 சதவீதம் சேர்த்து ஒரு தொகுதியும் சேர்க்காமல் ஒரு தொகுதியும் எடுத்துப் பாருங்கள். பிறகு 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவான திரவத்தைப் பனிக்கட்டியில் வையுங்கள். இதுவே நொதிச் சாறு. அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

படி 5: பாலிஃபீனால் ஆக்சிடேஸை அளத்தல்

குவெட்டில் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு ஒளிபுகு கலம்) 2.4 மில்லிலிட்டர் தாங்கல் கரைசல், 0.5 மில்லிலிட்டர் 0.1 மோலார் கேட்டகால். இவற்றை 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு 0.1 மில்லிலிட்டர் நொதிச் சாறு சேர்த்து, உடனே கலக்கி, 420 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலை 10 நொடிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள்.

கணக்குக்கு எடுக்க வேண்டியது தொடக்கத்தில் வரும் நேர்கோட்டுச் சரிவை மட்டுமே. இந்த நொதி தான் உண்டாக்கும் குவினோனாலேயே செயலிழக்கக்கூடியது. கோடு வளையத் தொடங்கிய பிறகு உள்ள எண்கள் வேகத்தைக் குறைத்துக் காட்டும். அரை நிமிடத்துக்குள் வளைந்துவிட்டால் சாற்றை நீர்த்து மறுபடி செய்யுங்கள். தொடக்கத்திலேயே சிறிது நேரம் அசையாமல் இருந்து பிறகு ஏறினால், சாற்றில் எங்கோ அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கி இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சரிவு நிமிடத்துக்கு 0.120 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.001 உயர்வை ஓர் அலகு என்று கொள்வது வழக்கம். அப்படியானால் 0.1 மில்லிலிட்டரில் 120 அலகு, மில்லிலிட்டருக்கு 1,200 அலகு. சாற்றில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் புரதம் இருந்தால் புரதத்தின் ஒரு மில்லிகிராமுக்கான செயல்பாடு 600 அலகு. புரதத்தை 595 நானோமீட்டரில் பிராட்ஃபோர்டு முறையில் அளக்கும்போது எஞ்சிய ஃபீனாலும் டிரைட்டனும் எண்ணைத் திரித்துவிடும் என்பதால், வெற்றுக் கரைசலிலும் அதே அளவு டிரைட்டன் இருக்கட்டும்.

ஒப்பீட்டுக் குவெட்டுகள் இரண்டு அவசியம்: சாறே சேர்க்காத ஒன்று, கொதிக்கவைத்த சாறு சேர்த்த ஒன்று. கேட்டகால் காற்றுப்பட்டுத் தானாகவே நிறமேறும் பொருள். அன்றன்று புதிதாகக் கரையுங்கள். அது நச்சுத்தன்மை உடையது, கையுறை கட்டாயம்.

கேட்டகால் கையேடுகளின் வசதிக்கான தளப்பொருள். கோலாவின் உள்ளே உண்மையில் இருப்பது கேட்டசினும் எப்பிகேட்டசினும். விலை கூடினாலும் அவற்றிலும் ஒரு தொகுதி செய்யுங்கள். செய்யாத ஆய்வு கோலாவைப் பற்றிப் பாதிதான் பேசுகிறது. தளப்பொருளின் செறிவை ஏழெட்டு நிலைகளில் மாற்றித் தொடக்க வேகங்களை எடுத்தால் மைக்கேலிஸ் மாறிலி (நொதியின் வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவு) கிடைக்கும். தலைகீழ் எண்களை வைத்து நேர்கோடு வரையும் பழைய முறை, குறைந்த செறிவில் வரும் சிறு பிழையைப் பெரிதாக்கும். கணினியில் நேரடியாக வளைகோட்டைப் பொருத்துங்கள்.

படி 6: இது பெராக்சிடேஸ் இல்லை என்று உறுதி செய்தல்

பல மாணவர் அறிக்கைகளில் விடுபட்டுப்போகும் இடம் இது. பழுப்பேறியது என்பதாலேயே அது பாலிஃபீனால் ஆக்சிடேஸின் வேலை என்று ஆகிவிடாது. சாற்றில் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தாலும் பெராக்சிடேஸ் கேட்டகாலை நிறமேற்றும். ஒரு குவெட்டில் கேட்டலேஸ் நொதியைச் சேருங்கள். அது பெராக்சைடை உடைத்துவிடும். வேகம் குறையாவிட்டால் பெராக்சிடேஸுக்கு அதில் பங்கில்லை. இன்னொன்றில் ட்ரோபோலோன் சேருங்கள். தாமிரத்தைப் பிடித்துக்கொண்டு பாலிஃபீனால் ஆக்சிடேஸை நிறுத்தும்.

பெராக்சிடேஸைத் தனியாக அளக்கக் குவாயகாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்ட கலவையில் 470 நானோமீட்டரில் பாருங்கள். செங்கல் நிறம் ஏறும். இதே கலவையை வேகவைத்த கொட்டையின் வெட்டுப்பரப்பில் ஒரு சொட்டு விட்டால், வெப்பம் எட்டாத மையத்தில் மட்டும் செங்கல் நிற வட்டம் விழுவதைக் காணலாம். காய்கறி பதப்படுத்தும் தொழிலில் வெந்நீர்ப் பக்குவம் போதுமா என்று பார்ப்பதும் இதே சொட்டால்தான்.

படி 7: பி.எச், வெப்பம், தடுப்பான்கள்

பி.எச் 3 முதல் 7.5 வரை சிட்ரேட்-பாஸ்பேட் தாங்கல் கரைசல்களில் அரை அலகு இடைவெளியில் அளந்தால் உகந்த பி.எச் தெரியும். பாலிஃபீனால் ஆக்சிடேஸ்கள் பொதுவாக 5க்கும் 7க்கும் இடையே சுறுசுறுப்பாக இருக்கும். 8ஐத் தாண்டினால் தளப்பொருள் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைவதால் எண்களை நம்ப முடியாது.

வெப்பத்தில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த வெப்பநிலையில் வேகம் அதிகம் என்பது ஒன்று. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் நொதி சாகிறது என்பது மற்றொன்று. கொட்டையைப் பதப்படுத்த நினைப்பவருக்கு வேண்டியது இதுவே. சாற்றைச் சிறு குழாய்களில் 50, 60, 70, 80 டிகிரி நீர்த்தொட்டிகளில் 1, 2, 5, 10 நிமிடம் வைத்து, உடனே பனிக்கட்டியில் அமிழ்த்தி, எல்லாவற்றையும் 25 டிகிரியிலேயே அளந்து பாருங்கள். எஞ்சிய செயல்பாட்டின் இயல்மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் வரும் சரிவு அழிவு மாறிலியைக் கொடுக்கும். 2.303ஐ அந்த மாறிலியால் வகுத்தால், நொதியில் 90 சதவீதம் சாக எடுக்கும் நேரம். பெராக்சிடேஸுக்கும் இதையே செய்யுங்கள். அது பொதுவாகக் கூடுதல் வெப்பம் தாங்கும். குறுகிய நேரச் சூட்டுக்குப் பிறகு அறைவெப்பத்தில் வைத்திருந்தால் ஓரளவு மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. எனவே ஒருநாள் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

தடுப்பான்கள் எல்லாம் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. அஸ்கார்பிக் அமிலம் குவினோனை மீண்டும் ஃபீனாலாக்குகிறது. அது தீர்ந்ததும் பழுப்பு தொடரும். சிட்ரிக் அமிலம் பி.எச்சை இறக்குகிறது, தாமிரத்தையும் ஓரளவு பிடிக்கிறது. கோஜிக் அமிலம் தாமிரத்தைக் கட்டிப்போடும். சல்ஃபைட்டு குவினோனோடு சேர்ந்து நிறத்தை மறைப்பதோடு நொதியையும் கெடுக்கும். மூன்று நிமிடத்தில் அளந்துவிட்டு இத்தனை சதவீதத் தடுப்பு என்று எழுதுவது அஸ்கார்பிக் அமிலத்தின் விஷயத்தில் தவறான படத்தைக் கொடுக்கும். முப்பது நிமிடம் விட்டுத் தொடருங்கள்.

படி 8: சேர்மங்கள்

படி 3இல் கிடைத்த எத்தனால் சாற்றையும், அதே சீவல்களை 70 சதவீத அசிட்டோனில் மறுபடி ஊறவைத்த சாற்றையும் ஒன்றுசேருங்கள். பெரிய புரோசயனிடின்கள் இரண்டாவதில்தான் நன்றாக இறங்கும். மொத்த ஃபீனாலை ஃபோலின்-சியோகால்ட்டு முறையில் 765 நானோமீட்டரில் அளக்கலாம். அஸ்கார்பிக் அமிலமும் இந்த வினைப்பொருளோடு நிறம் தருவதால், பாதுகாப்புக்கென்று அதைச் சாற்றில் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை வீண். கேட்டசின் வகைகளுக்கென்றே வனிலின்-ஹைட்ரோகுளோரிக் அமிலச் சோதனை 500 நானோமீட்டரில் உள்ளது. உயர்திறன் திரவ வண்ணப்படிவியல் கருவி இருந்தால் சி-18 தூணில் கேட்டசினை 280இலும் காஃபீனை 273 நானோமீட்டரிலும் பார்த்துவிடலாம், மற்றவை தேவைப்படாது.

கருவி இல்லாதவர்களுக்கு காஃபீனைப் படிகமாகவே எடுக்கும் வழி இருக்கிறது. 5 கிராம் உலர்ந்த பொடியை 100 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் மெக்னீசியம் ஆக்சைடோடு 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். டானின் மெக்னீசியத்தோடு பிணைந்து அடியில் தங்கும், காஃபீன் நீரில் நிற்கும். சூட்டோடு வடிகட்டி, முழுவதும் ஆறியபின் 25 மில்லிலிட்டர் வீதம் மூன்று முறை டைகுளோரோமீத்தேனால் பிரித்தெடுங்கள். பிரிபுனலைக் குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் கோலாச் சாறு நுரைத்துப் பால்மமாகி மணிக்கணக்கில் பிரியாது. கரைப்பானை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டால் உலர்த்தி, புகைபோக்கிப் பெட்டிக்குள் ஆவியாக்கினால் வெளிறிய ஊசிப்படிகங்கள் மிஞ்சும். 2 சதவீதக் கொட்டையானால் 5 கிராமில் உச்சவரம்பு 100 மில்லிகிராம்; கைக்கு வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அது காஃபீன்தானா என்று பார்க்க மியூரெக்சைடு சோதனை. சில படிகங்களைப் பீங்கான் கிண்ணத்தில் இரண்டு மூன்று சொட்டு அடர் நைட்ரிக் அமிலத்தோடு நீர்த்தொட்டி மேல் வற்றவைத்து, எச்சத்துக்கு அருகே அம்மோனியா ஆவியைக் காட்டினால் ஊதா நிறம் பூக்கும். தியோபுரோமினும் இதே நிறம் தரும். ஆல்கலாய்டுகளைக் காட்டும் டிராகன்டார்ஃப் வினைப்பொருளை வைத்துச் சோதித்து, நிறம் வரவில்லை என்பதால் 'ஆல்கலாய்டு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். காஃபீன் மிக வலுக்குறைந்த காரம் என்பதால் அந்தச் சோதனையில் பிடிபடாமல் நழுவக்கூடும்.

ஆய்வகத்தில் எடுத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. கொட்டையாக மெல்லுபவருக்கு ஒரு கணக்கு: 10 கிராம் பச்சைக் கொட்டையில் நீர் 55 சதவீதம் என்றால் உலர் எடை 4.5 கிராம், 2 சதவீதக் காஃபீன் என்றால் 90 மில்லிகிராம். நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராமும், கருவுற்றிருப்போருக்கு 200 மில்லிகிராமும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் குறிப்பிடும் வரம்புகள். ஆர்வத்தில் நான்கைந்து கொட்டைகளை மென்றால் அந்த எல்லை தொலைவில் இல்லை.

படி 9: இரண்டையும் ஒன்றாக வைத்து வாசித்தல்

ஒரே தொகுதிக் கொட்டைகளை நான்கு வகையாகச் சேர்ம அளவீட்டுக்கு அனுப்புங்கள்: கொதிக்கும் எத்தனாலில் நேராகச் சீவியவை, வெட்டி 10 நிமிடம் விட்டவை, வெட்டி ஒரு மணி நேரம் விட்டவை, வெயிலில் உலர்த்தியவை. ஒவ்வொன்றிலும் கேட்டசினும் காஃபீனும் எவ்வளவு என்று பாருங்கள். நொதிக்குக் கிடைத்த நேரம் கூடக்கூடக் கேட்டசின் சரியும். இந்த நொதிகள் காஃபீனைத் தொடுவதில்லை, எனவே அது ஏறத்தாழ அப்படியே நிற்கும். காஃபீனும் கூடவே சரிந்தால் உங்கள் பிரித்தெடுப்பிலோ எடைக் கணக்கிலோ பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த வகையில் காஃபீன் இந்த ஆய்வின் உள்ளிருக்கும் காவலாள்.

வசதி இருப்பவர்கள் இதே அளவீட்டைச் சேமிப்புக்கும் நீட்டுங்கள். ஒரு பங்கு கொட்டையைப் பச்சை இலையில் பொதிந்து கூடையில் வையுங்கள்; ஒரு பங்கை மூடிய பாலித்தீன் பையில், ஒரு பங்கைத் திறந்த தட்டில். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் நீரளவு, நொதிச் செயல்பாடு, கேட்டசின் மூன்றையும் எடுங்கள். திறந்த தட்டில் கொட்டை வாடும்போது செல்கள் சிதைந்து உள்ளுக்குள்ளேயே பழுப்பு தொடங்குவதையும், மூடிய பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிப்பதையும் பார்க்க நேரிடலாம். கோலா வணிகர்கள் இலையை அவ்வப்போது பிரித்து, கெட்டதைப் பொறுக்கி நீக்கி, வாடிய இலையை மாற்றி மறுபடி பொதிவார்கள். உங்கள் இலைக் கூடைக்கும் அந்தப் பராமரிப்பைக் கொடுத்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

அறிக்கையின் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இனம், நிறம், பறித்த நாளிலிருந்து கணக்கு, இலைப்பொதியில் கிடந்த காலம், வெட்டியதற்கும் நொதியை நிறுத்தியதற்கும் இடைப்பட்ட நொடிகள் என்ற ஐந்து கட்டங்களைப் போடுங்கள். கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாத மாதிரிகளைக் கேட்டசின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். காஃபீன் பட்டியலில் அவை இருக்கலாம்.